சேலஞ்சருக்கு வைத்த பொட்டு

கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

மணிமொழி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெட்டியின் மூடியை யாரோ பத்திரமாக எடுத்து, கீறல் விழாமல், சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். திருடனுக்கு இவ்வளவு பொறுப்பு இருக்காது. வீட்டு ஆள்தான்.

பதினாலு மாதம். போளூர் ரோட்டுப் பல் லேபில் பகல் முழுக்க ஊரார் வாய்க்குப் பல்செட் கடைந்துவிட்டு, வீடு திரும்பியதும் இந்த மாடி அறை மேசையில் உட்கார்ந்து அவள் கட்டிய கார். 1970-ஆம் வருஷத்து டாட்ஜ் சேலஞ்சர். அசல் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நாமே ஒட்டிக் கட்டுகிற கிட்டாக வந்து இறங்கியபோது அது வெறும் வெள்ளை பிளாஸ்டிக். நூற்றுச் சொச்சம் துண்டுகள், குச்சிகளில் காய் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி, உரசி, பிசிறு நீக்கி, பிரைமர் அடித்து, காயவிட்டு, மறுபடி உரசி... அமெரிக்காக்காரன் அந்த வருஷம் அந்தக் காருக்கு ஒரு கத்தரிப்பூ நிறம் போட்டிருந்தான். அந்த நிறம் வருவதற்கு அவள் பதினோரு தடவை பெயின்ட் கலந்தாள். பத்து தடவை கொட்டினாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாடல் கட்டுகிறவர்களின் போட்டி. நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். முதல் தடவையாக ஒரு காருக்கு முன்னால் அவள் பெயர் எழுதிய அட்டை நிற்கப்போகிறது. அண்ணன் சக்திவேலுக்கு இது தெரியும். நானே காரில் கூட்டிப் போகிறேன் என்று சொன்னவனே அவன்தான்.

இன்று புதன்கிழமை. ஆயுத பூஜை. லேபில் டிரில்லுக்கும் மோட்டாருக்கும் சாமி கும்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியிருக்காவிட்டால் சாயங்காலம் வரை அவளுக்கு இது தெரிந்திருக்காது.

படியில் இறங்கினாள். வாசலில் அண்ணனின் டிராவல்ஸ் கார்கள் மூன்றும் கழுவித் துடைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி நின்றன. அண்ணி தமிழ்செல்வி தரையில் உட்கார்ந்து பொரியையும் கடலையையும் டம்ளரால் அளந்து பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மேல இருந்த கார் எங்க?"

டம்ளர் நிற்கவில்லை. "எந்தக் காரு?"

"மூணு வாசல்ல நிக்குது. நாலாவதைக் கேக்கறேன்."

"உங்க அண்ணன் வந்ததும் அவரையே கேளு."

"உங்களைத்தான் கேக்கறேன்."

தமிழ்செல்வி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "காலைல ஒரு அட்டைப் பெட்டியில வெச்சு எடுத்துக்னு போனாரு. செங்கம் ரோட்டு லாட்ஜுக்காரரு, திருமலை சாரு, அவருக்காம். இன்னிக்கு அவரு புது ஜீப்புக்கு பூஜை போடறாராம். வெறுங்கையோட போனா நல்லாருக்காதுன்னாரு."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"கேட்டுட்டு எடுங்கன்னு நான் சொன்னேன் மணி. சாயங்காலம் சொல்லிக்கலாம்னாரு."

சாயங்காலம் சொல்லிக்கலாம். மணிமொழிக்குக் காது மடல் சுட்டது. பால்காரனுக்கு லீவு சொல்வது மாதிரி சொல்லியிருக்கிறான். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"மணி, பூஜையில இருக்கேன், அப்புறமா..."

"காரை எடுத்துக்னு வா."

"எந்தக் காரு?"

"நீயும் அண்ணியும் ஒரே வாத்தியார் கிட்டப் படிச்சீங்களா?"

அந்தப் பக்கம் மேளச் சத்தம் குறைந்தது. அவன் எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். "இத பாரும்மா. லாட்ஜுக்கு வர்ற ஆளுங்களோட ஏர்போர்ட் டிரிப்பு மொத்தத்தையும் நமக்கே தரேன்னு சொல்லிக்னு இருக்காரு. என் ஸ்டேட்டஸ்ல உன் காரு படத்தைப் பாத்து அப்படி ஆசைப்பட்டுட்டாரு. உனக்கு இன்னா, கைவேலை. இன்னொண்ணு செஞ்சிக்க."

"ஞாயித்துக்கிழமை?"

"கூட்டிக்னு போறேம்மா. சொன்னா சொன்னதுதான். சுத்திப் பாத்துட்டு வரலாம்."

அவள் போனை வைத்துவிட்டாள். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்பாள்.

ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வேங்கிக்கால் வீட்டிலிருந்து செங்கம் ரோட்டுக்குத் திருவண்ணாமலை ஊரைக் கடந்து போக வேண்டும். கடைக்குக் கடை பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் தடவிய சதை ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. ரெண்டு இடத்தில் சக்கரம் வழுக்கியது. பெரிய தெருவில் ஒரு ஆட்டோக்காரர், "மெதுவாப் போம்மா, மலை எங்கயும் போயிடாது" என்றார். மலையைப் பற்றி அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை.

அவள் கவலை எல்லாம் லேக்கரைப் பற்றி. காரின் மேல் அடித்த கடைசிக் கண்ணாடிப் பூச்சு. வெள்ளிக்கிழமை அடித்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை விரல் படக் கூடாது, ஈரம் படக் கூடாது, சூடு படக் கூடாது. அவளே கடந்த ஐந்து நாளாக அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரமத்தைத் தாண்டி இடது பக்கம் 'மலைநிழல் லாட்ஜ்'. வாசலில் கறுப்பு ஜீப், கழுத்து வரை சாமந்தி மாலை. சக்கரத்தடியில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. ஜீப் கோவிலுக்குப் போய்த் திரும்பிவிட்டது போல. மேளக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

ரிசப்ஷன் கல்மேடையின் நடுவில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், அவளுடைய சேலஞ்சர்.

முதலில் அவள் கண்ணில் பட்டது பொட்டுதான். முன் பானெட்டில் மூன்று. கதவுக்கு ஒன்று. கூரையில் ஒன்று. பன்னீரில் குழைத்த சந்தனம், அதன் மேல் ஈரக் குங்குமம். ஆள்காட்டி விரலால் வைத்த பொட்டு அந்தக் காரின் கதவில் பாதியை மூடியிருந்தது. ஓரங்களில் குங்குமச் சிவப்பு இளகின லேக்கருக்குள் இறங்கி, வேர் விட்ட மாதிரி ஓடியிருந்தது. துடைத்தால் போகிற கறை இல்லை அது.

அடுத்து, கற்பூரத் தட்டு. காரின் மூக்குக்கு நேராக, ஒரு விரற்கடை தள்ளி வைத்து ஏற்றியிருக்கிறார்கள். கற்பூரம் எரிந்து அடங்கிக் கரி மட்டும் மிச்சம். பானெட்டின் முன்விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருந்தது.

மூன்றாவது, எலுமிச்சம்பழம். முன் சக்கரங்களுக்கு அடியில் ஆளுக்கொன்று. அந்தக் காரின் டயரை விடப் பழம் பெரிது. கார் முன்னங்காலைத் தூக்கிய குதிரை மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. இடது சக்கரம் அச்சோடு மடங்கி, வெளியே பிதுங்கியிருந்தது.

மணிமொழி கல்மேடை வரை போய் நின்றாள்.

"வாம்மா, வா. சக்திவேல் தங்கச்சிதானே நீ?" மேடைக்குப் பின்னாலிருந்து திருமலை எழுந்தார். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, விசேஷ நாளின் சந்தோஷம் முகத்தில். "பொரி எடுத்துக்க. இதைப் பாத்தியா நீ? அமெரிக்காவுலேர்ந்து உங்க அண்ணன் தருவிச்சுக் குடுத்தான். இன்னா ஒரு வேலைப்பாடு பாரு."

"அமெரிக்காவுலேர்ந்து."

"ஆமா. அவன் ஃபிரண்டு யாரோ எடுத்துக்னு வந்தானாம்."

"பொட்டு யாரு வெச்சது சார்?"

"நம்ம டிரைவர்தான். இந்த லாட்ஜுக்குள்ள எந்த வண்டி புதுசா வந்தாலும் பூஜை போட்டுத்தான் எடுப்போம். சின்ன வண்டின்னு விட்டுட முடியுமா? ஆனா எலுமிச்சம்பழம்தான் நசுங்கவே இல்ல. மேல கையை வெச்சு அமுக்கிக் கூடப் பாத்தான்." திருமலை சிரித்தார். "பழம் அப்படியே இருக்குது, வண்டிதான் நசுங்குது."

வாசலருகே நின்ற டிரைவரும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் எதையோ அவிழ்த்துவிட்டது. ஆனால் குரல் தணிந்துதான் வந்தது. கோபம் முற்றும்போது அவள் குரல் எப்போதும் இறங்கும். லேபில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும், அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள்.

"சார், இது அமெரிக்காவுலேர்ந்து வரல. பெட்டியும் பிளாஸ்டிக்கும் தான் அங்கேர்ந்து வந்துச்சு. கார் வேங்கிக்கால்ல, எங்க வீட்டு மாடியில செஞ்சது. நான் செஞ்சேன்."

திருமலை தலையைச் சாய்த்து, குழந்தை கதை சொல்வதைக் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தார். "நீ பல்லு செய்யறவன்னு இல்ல சொன்னான்?"

"பல்லும் செய்வேன்."

பின்பக்க வாசலிலிருந்து சக்திவேல் சுண்டல் தட்டோடு வந்தான். தங்கையைப் பார்த்ததும் கால் பின்னியது. தட்டை மேடையில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இங்க இன்னாத்துக்கு வந்த? வீட்டுக்குப் போ. நான் வந்து பேசறேன்."

"பேச வேணாம். ஒரே ஒரு கேள்வி. இதை யாரு செஞ்சது? அவர்கிட்டச் சொல்லு."

"மணி."

"சொல்லிட்டன்னா நான் போயிடறேன்."

அவள் அதை நிஜமாகவே சொன்னாள். கார் போய்விட்டது. இந்த லேக்கரையும் பானெட்டையும் சுரண்டி எடுத்துப் புதுசாக அடித்துக் காயவைக்க ஒரு மாதம் வேண்டும். கையில் இருப்பது மூன்று நாள். அண்ணன் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் போதும், மீதியை விழுங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அந்த நிமிஷம் அவள் நினைத்தாள்.

சக்திவேல் திருமலையைப் பார்த்தான். அவர் புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தார். பிறகு அவன் சிரித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வீட்ல இதைத் தொடைச்சு வெக்கறவ இவதான். தினமும் பாத்துப் பாத்து ஒரு பாசம்."

தொடைச்சு வெக்கறவ.

மணிமொழி கைப்பையைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு முடுக்குகிற குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று அதில் எப்போதும் கிடக்கும். மேடையிலிருந்து காரைத் தூக்கினாள். எலுமிச்சம்பழங்கள் உருண்டு தரையில் விழுந்து எங்கோ ஓடின. காரை மல்லாக்கப் புரட்டி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், இன்னா பண்ற?" சக்திவேல் கையை நீட்டினான்.

"தொட்ட, இந்த ஸ்க்ரூ டிரைவர் உன் கையில இறங்கும்."

கை பின்னால் போனது.

அடியில் நாலு ஸ்க்ரூ. போட்டியில் நடுவர்கள் மேல்கூட்டைத் தூக்கி உள்ளே பார்க்க வசதியாக, பசை போடாமல் அவளே வைத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. காரின் இடுப்பில் லேசாக ஒரு அழுத்து. கத்தரிப்பூ நிறக் கூடு மொத்தமாகக் கையோடு வந்தது. அதைப் பொட்டோடு மேடையில் வைத்தாள். கையில் இருந்த அடிப்பாகத்தைத் திருமலைக்கு முன்னால் நீட்டினாள்.

"பாருங்க சார். எஞ்சின். ஹெமின்னு பேரு. எட்டு சிலிண்டர். இந்த வயர் எட்டும் கிட்டுல வராது. பழைய சார்ஜர் கேபிளை உரிச்சு உள்ள இருக்கற கம்பியை எடுத்தேன். வயர் நுழையற ஓட்டை எட்டும் பல் டிரில்ல போட்டது. ஒரு ஓட்டை அரை மில்லி கூட இல்ல. ரெண்டு எஞ்சின் கோணப் போச்சு, இது மூணாவது." விரலால் சுட்டாமல், ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இது பேட்டரி. இது சீட்டு பெல்ட்டு, பக்கிள் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள்ல வெட்டினது. இந்த மிதியடி மேல இருக்கற தூசு நெசத் தூசு இல்ல, பல்செட் தேய்க்கறப்போ வர்ற மாவு."

திருமலை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

மணிமொழி அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ தருவிச்சதுதானே. இந்த எட்டுல எந்த வயர் எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்லு. எஞ்சின் எந்தக் கலருன்னு பாக்காம சொல்லு. எதுவாவது ஒண்ணு சொல்லு."

சக்திவேல் சுண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சக்திவேல்," என்றார் திருமலை, நிமிராமல். "எங்கிட்ட இன்னா சொன்ன நீ?"

"சார், அது... தங்கச்சி பிளாஸ்டிக்குல செஞ்சதுன்னு சொன்னா ஒரு மதிப்பு இருக்காதுன்னு..."

அவள் அதைக் கேட்டாள். அந்த வாக்கியம் முழுதாக முடிவதற்கு முன்பே அதன் அடிவரை போய்ப் பார்த்துவிட்டாள். காரை எடுத்தது பெரிசில்லை. எடுத்துக்கொண்டு போகிற வழியிலேயே அவள் பெயரை உரித்துத் தூக்கிப் போட்டிருக்கிறான், பழம் உரிக்கிற மாதிரி, ஒரு உறுத்தலும் இல்லாமல்.

திருமலை நாற்காலியில் உட்கார்ந்தார். வியாபாரக் குரல் திரும்பியிருந்தது. "சரி, வுடு. நீதான் செஞ்ச, நான் நம்பறேன். கெட்டிக்காரப் பொண்ணு. இப்போ அதைத் திருப்பி மாட்டிடு. பூஜை போட்ட வண்டி, பிரிச்சு வெக்கக் கூடாது. குடுத்தது குடுத்ததுதான். இன்னும் ரெண்டு செஞ்சு குடு, இங்க வரிசையா வெக்கலாம். உன் பேர் போட்டு ஒரு போர்டு கூட வெக்கறேன், போதுமா?"

"அவன் உங்களுக்கு எதைக் குடுத்தானோ அதை நீங்க வெச்சுக்கங்க சார்." வெறும் கூட்டை அவர் பக்கம் தள்ளினாள். "அவன் வெளியில பாத்தது அவ்வளவுதான். உள்ள இருக்கறது அவனுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிக் குடுப்பான்?"

எஞ்சினையும் சீட்டையும் சக்கரத்தையும் சேர்த்து துப்பட்டாவில் சுற்றினாள். ஒடிந்த அச்சுத் துண்டு மேடையில் கிடந்தது. அதையும் பொறுக்கிக்கொண்டாள்.

வாசலில் டிரைவர் நின்றான், நகரவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லாததால் கதவில் கையை ஊன்றினான்.

மணிமொழி அந்தக் கையைப் பார்த்தாள். "எலுமிச்சம்பழத்தை அமுக்கின கை இதுதானா?"

அவன் கையை எடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான். அவள் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவள் மாதிரி மேலே போனாள், கீழே வந்தாள். முன் அச்சைப் புதிதாகச் செய்தாள். பல்செட்டுக்குள் வைக்கிற எஃகுக் கம்பியை அளவாக வெட்டிப் பொருத்தினாள். கோபத்தில் கை நடுங்கும் என்று பயந்தாள். நடுங்கவில்லை. இவ்வளவு நேராக ஒரு சக்கரத்தை அவள் அதுவரை நிறுத்தியதில்லை.

சனிக்கிழமை தமிழ்செல்வி சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்தாள். "அவரு சாப்பாடே சரியா எடுக்கறதில்ல மணி. ஏதோ ஒரு ஆசையில பண்ணிட்டாரு. அண்ணன்தானே, வுட்டுடேன்."

"என்கிட்ட வந்து அவன் ஏதாவது சொன்னானா அண்ணி?"

"அவருக்கு எப்படிப் பேசறதுன்னு தெரியல."

"அமெரிக்காக் கதை மட்டும் நல்லாப் பேசினான்."

அண்ணி தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலையில் சக்திவேல் காரைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றான். அவள் அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனைக் கடந்து போனாள், தெருமுனையில் ஆட்டோ பிடித்தாள். சென்னை பஸ்ஸில் நாலரை மணி நேரம் பெட்டி மடியிலேயே இருந்தது. திண்டிவனத்தில் பக்கத்து சீட்டு அம்மாள், "மேல வெச்சிடேம்மா, எவ்வளவு நேரம் தூக்கிக்னு இருப்ப" என்றாள். "இருக்கட்டும்" என்றாள் மணிமொழி. அந்த ஒரு சொல்லிலேயே அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடம். நீள நீள மேசைகளில் வெள்ளைத் துணி. பதிவு மேசையில் இருந்த இளைஞனின் சட்டையில் 'இனியன்' என்று ஒரு அட்டை தொங்கியது. பெட்டியைத் திறந்து பார்த்தான். எஞ்சினைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். பிறகு பெட்டிக்குள் மறுபடி தேடினான்.

"மேடம், பாடி?"

"இல்ல."

"வர்ற வழியில ஏதாவது..."

"இல்ல."

அவன் தயங்கினான். "பாடி இல்லாம போட்டியில சேர்த்துக்க ரூல் இல்லைங்க. இந்த எஞ்சினுக்கே... ரொம்பக் கஷ்டமா இருக்கு சொல்றதுக்கு."

"ரூல் தெரியும். பரிசு வேணாம். மேசையில இடமும் ஒரு அட்டையும் குடுங்க."

"கண்டிப்பா. அட்டையில யார் பேருங்க போடணும்?"

"என் பேரு." ஒவ்வொரு எழுத்தாக, அவன் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து சொன்னாள். "மணிமொழி. திருவண்ணாமலை."

ஓரமான ஒரு மேசையில் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் பளபளவென்று முழுக் கார்கள். நடுவில் அவளுடையது, தோல் உரித்த மாதிரி. சக்கரங்களை நேராக்கி, அட்டையை முன்னால் நிறுத்தினபோது போன் அடித்தது.

"மணி, போய்ச் சேந்துட்டியா?" சக்திவேல். "இல்ல, திருமலை சாரு டிரிப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு போலக்கீது. உன்னைத்தான் கேக்கறாரு. நீ ஒரு வார்த்தை அவர்கிட்ட..."

"யாரு செஞ்சதுன்னு அவர்கிட்டச் சொன்னியா?"

"அதான் அவருக்கே தெரிஞ்சு போச்சே."

"நீ சொன்னியா?"

அவள் மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். அவனுக்கு அவ்வளவு நேரம் கொடுத்தது போதும் என்று தோன்றியது.

"சொல்லிட்டுப் போன் பண்ணு. அதுவரைக்கும் பண்ணாத."

போனை அணைத்துப் பையில் போட்டாள். முகம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு முன்னால் ஏற்கெனவே நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். ஒருவர் செல்போன் விளக்கை அடித்து வயர்களை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார், அவளைத் தாண்டி, பின்னால் யாராவது ஆண்பிள்ளை நிற்கிறானா என்று.

"இதை யாருங்க செஞ்சது?"

அவர் பாவம், ஒன்றும் அறியாதவர். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வார்த்தை அப்படித்தான் வந்தது.

"அட்டையில எழுதியிருக்கு. படிங்க."